பேக்கிங்கில் இருமியவர்கள்

மாடி ஆபீசில் முதலாளி இருந்தார். மேனேஜர் இருந்தார். கோயம்புத்தூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா இருந்தார். நிட்டிங் ஆட்களுக்காக நான். பேக்கிங் ஆட்களுக்காக என் தம்பி மனைவி. தம்பியும் பேக்கிங்தான். படியேறினால் மூச்சு வாங்கும் என்று வாசலிலேயே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்துப் பனியன் ஊரில், ராயபுரத்தில் இருந்த கம்பெனி அது. இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகு ஆர்டர் கூடியது, மிஷினும் கூடியது. நிட்டிங் ஹாலில் துணி பின்ன நூல் ஓடும்போது பஞ்சு பறக்கும். மூக்கில் பஞ்சு, தொண்டையில் பஞ்சு, சோற்றில் பஞ்சு. அதை உறிஞ்ச ஒரு மிஷின் கேட்டோம். பஞ்சால்தான் இருமல் என்று டாக்டர் சொன்னால் வாங்கிப் போடுகிறேன் என்றார் முதலாளி. அதற்குத்தான் டாக்டரம்மா வந்தார்.

முந்தின மாதம், மூச்சு பலம் பார்க்க எல்லாரையும் குழாய் ஊதச் சொன்னார்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டுனவனப் புடிச்ச மாரி ஊதச் சொல்றீகளேம்மா" என்றான் ஒருவன். அவரும் சிரித்தார். ஊதியவர்களிடம் ஒரே கேள்வி கேட்டார். இப்போது எந்த செக்ஷன்?

அன்றைக்கு முடிவு சொல்ல வந்திருந்தார். நிட்டிங்கில் இருமுகிறவர்கள் குறைவு. பஞ்சே பறக்காத பேக்கிங்கில்தான் அதிகம். ஆகவே இருமலுக்குப் பஞ்சு காரணம் இல்லை.

"கேட்டுக்கிட்டீங்களா? நானாச் சொல்லலீங்க, டாக்டரம்மா சொல்றாங்க" என்றார் முதலாளி.

தம்பி மனைவி எழுந்தாள்.

"நிட்டிங்ல நின்னு இருமுனவுகளத்தானம்மா பேக்கிங்ல கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காக! வாசல்ல கெடக்காரே எம் புருசன், அவரு வருசக்கணக்கா நிட்டிங் ஓட்டுனவரு. ஹால்ல இருமுனவுகள பேக்கிங்ல தள்ளிட்டு, அங்கதான் இருமல்னா?"

உண்மை. இருமல் வந்தவரை விரட்டாமல் பேக்கிங்கில் உட்கார வைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். நல்ல மனுஷன் என்று முதலாளியை நாங்களே புகழ்ந்திருக்கிறோம். ஹாலில் மிச்சம் நின்றது மூச்சு இருந்தவர்கள். நன்றாகத்தான் ஊதுவார்கள்.

டாக்டரம்மா முதலாளியைப் பார்த்தார். "இத எங்கிட்ட சொல்லவே இல்லையே சார்?"

"நீங்க கேக்கலீங்களே."

டாக்டரம்மா ஃபைலை மூடினார். "ரிப்போர்ட் அனுப்பியாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு தையல் பிசகினால் துறைமுகத்துக்குப் போன பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பிரிக்கிற ஊர் இது. பனியனுக்கு அது உண்டு. என் தம்பி நெஞ்சுக்கு இல்லை. கேட்காதது டாக்டரம்மா குற்றம். தெரிந்தும் சும்மா இருந்தது முதலாளி குற்றம். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மிஷின் வரவில்லை.

நான் நேரே பேக்கிங்குக்குப் போனேன். இருமுகிற ஒவ்வொருவரிடமும், முன்னே எந்த செக்ஷன் என்று கேட்டேன். அதற்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. இருமியவர்கள் பதினொரு பேர். நிட்டிங்கிலிருந்து வந்தவர்கள் பத்து.