கிளாரினெட்டை அடக்கிய தொட்டில்

லண்டன் நோர்பரியில் இரண்டு பலசரக்குக் கடைகள், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கல்யாண மண்டபம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் என் கையால் எழுப்பியவை. நேற்று அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கித்தாரும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று அழுத்தாமல் மெல்ல வாசித்தார்கள். நினைவில் நான் மறுபடி சின்னப் பையனாக எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் போய் நின்றேன்.

கித்தார் வாசிக்கும் சின்ன மாமா கொழும்பிலிருந்து ஒரு இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். பிரேசில் கித்தாரை அமெரிக்க ஜாஸோடு முதன்முதல் கலந்த காலத்துத் தட்டு. என்ன நிதானம், என்ன குளிர்ச்சி! அப்படி வாசிக்க மாமாவுக்கு ஆசை. ஆனால் கூட்டாளி கந்தையா அண்ணை கோயில் வீதியில் கிளாரினெட் ஊதிப் பழகியவர். அவர் ஊதினால் கித்தார் கேட்காது.

“மெல்ல ஊதடா, இதென்ன தேர்த் திருவிழாவே?”

“ஏலாது மச்சான், எனக்கு மூச்சு அப்பிடித்தான் வருது.”

நான் கந்தையா அண்ணை உட்காரும் கதிரையை இழுத்துப்போய்த் தங்கச்சி நித்திரையாகக் கிடந்த தொட்டிலோடு ஒட்டி வைத்தேன்.

“பிள்ளை எழும்பினா அம்மா விளக்குமாத்தோட வருவா, அண்ணை.”

அவர் பயந்து பயந்து ஊதினார். கித்தார் கேட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, “இதுதான்ரா அந்தத் தட்டு!” என்றார்.

இப்போது மாமாவின் மகன் அந்த வாசிப்பைப் பற்றிப் புத்தகம் போடுகிறான்; அதில் மாமா, கந்தையா அண்ணை இரண்டு பேரின் பெயர்தான் இருக்கிறது. வாசித்தது அவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மச்சான், மூன்றாவதாக என் பெயரையும் அதே பெரிய எழுத்தில் போடு.