அடுப்படி ஜன்னலுக்கு ஒரு சோதனை

வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டுவதா, டவுனில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட் வாங்குவதா என்று வீட்டில் பேச்சு நடந்தபோது, அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். முட்டி வலியால் அவரால் மாடிப்படி ஏற முடியாது. அதனால் மலை உச்சியில் ஏற்றும் கார்த்திகை தீபம் அடுப்படியிலிருந்தே தெரிய வேண்டும்.

மனையில் நின்றால் மலை முழுசாகத் தெரிந்தது. ஆனால் முன்னால் இருந்த காலி மனையில் யாராவது வீடு கட்டிவிட்டால்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படி வரப்போகும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். முன் மனையில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, ஒரு வீட்டின் உயரத்துக்குப் போர்வையைக் கட்டினேன்.

"மலை தெரியுதாம்மா?"

"உன் போர்வைதான் தெரியுது."

அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்து நின்றார் முன் மனைக்காரர். "யாருப்பா அது, என் மனைல துணி காயப்போடறது?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நான் ரெண்டு மாடி கட்டப்போறேன்பா. நானும் மலைக்காகத்தானே வாங்கினேன்? தீபத்தன்னைக்கு எங்க மாடிக்கு வந்துடுங்கம்மா."

"லிஃப்ட் வைப்பீங்களா?" என்றார் அம்மா.

அவர் போர்வையை அவிழ்க்க எனக்குக் கைகொடுத்தார்.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா கேட்டார்: "அந்த ஃப்ளாட்டுல அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம்டா?"

எனக்குத் தெரியவில்லை. பால்கனியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"அப்ப நேரா அங்க விடச் சொல்லு. நாற்காலிதான் கையில இருக்கே."