சலவைக்கூடத்து வரிக்காரி

உறையைக் கிழிப்பதற்கு முன் வெர்னா ஸ்டோப்கா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். "இது மிரட்டல், ஒரே தாள். இது கெஞ்சல், பாதி கட்டினாப் போதும்னு இருக்கும். இது கவர்மென்ட்டு. அவங்க மட்டும்தான் இன்னும் நல்ல தாள் வாங்கறாங்க." பிறகுதான் வெண்ணெய்க் கத்தியால் ஓரத்தைக் கீறுவார். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மாதக்கணக்கில் பிரிக்கத் துணியாத உறைகளைப் பையோடு கொண்டுவந்து கொட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவர், அதற்குள் ஒரு தடவையாவது சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வித்தை.

அமெரிக்காவில் டொலீடோ நகரின் கிழக்குப் பக்கம், ஆற்றுப் பாலம் இறங்குகிற இடத்தில், காசு போட்டுத் துவைக்கும் சலவைக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே துணி உலர்த்தும் டிரையர் வரிசை முடியும் மூலையில் அவருடைய மேசை. பிப்ரவரிக் குளிரில் அந்த ஊரில் இலவசமாகக் கிடைக்கும் மிகச் சூடான இடம் அதுதான் என்பார். ஜனவரி முதல் ஏப்ரல் பாதிவரை வரிக் கணக்கு எழுதித் தருவார். மற்ற மாதங்களில் அதே கூடத்தில் சோப்புத்தூள் விற்பார், தண்ணீர் பிடிக்காத எந்திரத்தை முழங்காலால் ஓர் இடி இடித்து ஓட வைப்பார். வயது அறுபத்து மூன்று. தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. மூன்றாவது எங்கே என்று எப்போதும் தேடிக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாடு தடித்த ரொட்டியும் உப்பில் தொட்ட முள்ளங்கியும். அவர் கடிக்கும் சத்தம் துணி மடிப்பவர்கள் வரை கேட்கும்.

"மன்னிச்சுக்கங்க" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் அவருக்கு ஆகாது.

"எங்கிட்ட நீங்க என்ன தப்புப் பண்ணீங்க? தாளை எடுங்க."

வருகிறவர்களில் பலர் ஒரே தாளோடு வருகிறார்கள். எப்போதோ கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு கடன். அதை வங்கி தள்ளுபடி செய்துவிட்டதாகச் சொல்லும் வரிப் படிவம். சிலர் அதை நல்ல செய்தி என்று நினைத்து வருவார்கள், சிலர் புது பில் என்று நினைத்து. இரண்டு கூட்டத்துக்கும் வெர்னா சொல்வது ஒன்றுதான்.

"நீங்க கட்டாம விட்டப்ப பேங்க் வாராக்கடன்னு எழுதினாங்களே, அது அவங்க கணக்குக்காக எழுதினது. உங்க மேல வச்ச நம்பிக்கையத்தான் விட்டாங்க, கடனை விடல. இப்பதான் கடனையே விட்டிருக்காங்க. அப்படி விட்டா, அந்தப் பணம் நீங்க சம்பாதிச்ச மாதிரின்னு சர்க்கார் வரி கேக்கும்."

"நான் ஒரு காசு கண்ணால பாக்கலையே!"

"பாத்தீங்க. செலவு பண்றப்ப பாத்தீங்க."

இதைச் சொல்லிவிட்டு ஒரு முள்ளங்கியைக் கடிப்பார். வந்தவரின் முகம் விழுந்து முடிந்த பிறகுதான் மீதியைச் சொல்வார். "ஆனா இதுக்கு இன்னொரு தாள் இருக்கு."

அந்த இன்னொரு தாள் அவருக்கே தாமதமாகத்தான் கிடைத்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் கண்ணாடித் தொழிற்சாலை வேலை போய், புருஷனும் போய், கார்டும் கைமீறிப் போன காலத்தில் அவர் பெயருக்கும் இப்படி ஒரு படிவம் வந்தது. அப்போது கையில் ஒன்றுமில்லை, கடன் கழுத்துவரை. அப்படிப்பட்டவர்கள் அந்த வரியைக் கட்ட வேண்டியதில்லை என்று சொல்ல ஆள் இல்லை. ஆயிரத்து அறுநூறு சொச்சம் டாலரை மூன்று வருடம் தவணையில் கட்டித் தீர்த்தார். கடைசித் தவணை கட்டிய மறு வாரம், நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது அந்த விதி கண்ணில் பட்டது. நின்றபடியே நான்கு முறை படித்தார். கட்டியதைத் திருப்பிக் கேட்கும் கெடுவும் முடிந்திருந்தது. அந்த இலையுதிர் காலமே வரிக் கணக்கு எழுதும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராய்ஸ் ஹாடிக்ஸ் வந்தார். மரச்சாமான் கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவர். ஐம்பத்து நாலு வயது, பெரிய கைகள். படிவத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

"இதைச் சேக்காம கணக்கைப் போட்டுடலாமா?"

"சேக்காம விடலாம். பேங்க் இதே தாளை சர்க்காருக்கும் அனுப்பியாச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு அவங்க உங்களுக்கு அனுப்புவாங்க, வட்டியோட."

ராய்ஸ் டிரையருக்குள் சுற்றும் யாரோ ஒருவரின் போர்வையைப் பார்த்தார். "என் வீட்டுக்காரிக்குத் தெரியாதுங்க."

"கணக்கு ரெண்டு பேர் பேர்லயும்தானே போடுவீங்க? அவங்க கையெழுத்து வேணுமே."

"அதான்."

வெர்னா ஒரு சீட்டில் அடுத்த சனிக்கிழமைத் தேதியை எழுதி, அடியில் 'இருவர்' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வாரமும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று வெர்னாவுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை லினெட் ஹாடிக்ஸ் வந்த விதத்திலேயே பாதி தெரிந்தது. மேசை முன் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை ஓரடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"நாலு வருஷம் மறைச்சிருக்காரு" என்றார் வெர்னாவிடம், புருஷனிடம் அல்ல. "கிடங்குல ஆள் குறைச்சப்ப ஏழு மாசம் இவருக்கு வேலை இல்ல. எங்கெங்கயோ சில்லறை வேலை கிடைக்குதுன்னு சொன்னாரு. நான் நம்பினேன். நாங்க அந்தக் கார்டைத் தின்னுருக்கோம்."

"லின், உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான்…"

"பேசாத."

அவருடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் பதினோரு வருடமாக வேலை செய்தவர், மாலை நேர நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தார். மார்ச் பாதிக்குள் இரண்டாயிரத்து இருநூறு கட்ட வேண்டும். கட்டிய வரியில் திரும்பி வரவேண்டிய ரீஃபண்ட் இரண்டாயிரத்து அறுநூறு, அதை நம்பித்தான் சரி என்று சொல்லியிருந்தார். கார்டில் தள்ளுபடியான ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பதையும் வருமானத்தில் சேர்த்தால், ரீஃபண்ட் ஆயிரத்து ஐந்நூறுக்கும் கீழே போய்விடும்.

வெர்னா அந்த இன்னொரு தாளை எடுத்தார்.

"பேங்க் கடனை விட்டது அக்டோபர் பதினாலாம் தேதி. அதுக்கு முந்தின நிமிஷம் ராய்ஸுக்கு என்னென்ன சொந்தம், எவ்வளவு கடன், ரெண்டையும் எழுதணும். சொந்தத்தவிடக் கடன் எவ்வளவு கூடவோ, அந்த அளவுக்கு வரி கிடையாது."

"திவால்னு எழுதிக் குடுக்கறதா?" ராய்ஸ் நிமிர்ந்தார்.

"கோர்ட்டுமில்ல, திவாலுமில்ல. அன்னிக்கு உங்க நிலைமை இதுன்னு உண்மையச் சொல்றது. அவ்வளவுதான்."

கடன் பக்கம் சீக்கிரம் முடிந்தது. கார்டு, வண்டிக் கடன், ஆஸ்பத்திரி பாக்கி, மொத்தம் பதினெட்டாயிரத்துத் தொண்ணூறு. சொந்தப் பக்கம்தான் இழுத்தது. பழைய கம்பெனியில் கிடந்த ஓய்வுக்காலப் பணத்தை ராய்ஸ் சொல்லாமல் தாண்டப் பார்த்தார். வெர்னா தாண்ட விடவில்லை.

"அதை எடுக்கவே முடியாதுங்களே."

"எடுக்க முடியாட்டியும் உங்களுதுதான். எழுதணும்."

பிறகு வீட்டுச் சாமான். இருவருக்கும் பொது என்பதால் பாதிதான் ராய்ஸ் பங்கு.

"சோஃபா இருநூறு" என்றார் ராய்ஸ்.

"இருநூறா? தெருவுல போட்டா நாய்கூடப் படுக்காது. நாப்பது எழுதுங்க" என்றார் லினெட்.

"அப்ப இவரு பங்கு இருபது" என்றார் வெர்னா.

"குழி விழுந்த பாதி இவருது."

வெர்னா முகத்தை மாற்றாமல் இருபது என்று எழுதினார். லினெட் நாற்காலியை அரையடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொலைக்காட்சி, சாப்பாட்டு மேசை, கதவை இடுப்பால் முட்டினால்தான் மூடும் குளிர்பெட்டி, எல்லாவற்றுக்கும் அவர்தான் விலை சொன்னார். பதினோரு வருடம் முட்டை எண்ணியவரின் கணக்கு. ஒரு விலையும் கூடவில்லை, குறையவில்லை.

"வேற? வண்டி எழுதியாச்சு. படகு கிகு ஏதாவது?"

ராய்ஸின் காது சிவந்தது. லினெட் திரும்பி முதன்முறையாகப் புருஷனை நேராகப் பார்த்தார்.

"இருக்கு. நாலாயிரம் டாலர் படகு. அதை வித்துடுன்னு நான் கேக்கறப்பல்லாம் நாலாயிரத்துக்குக் குறைஞ்சு குடுக்க மாட்டேன்னு சொல்ற படகு. அக்டோபர்ல ஒரு ஆளு மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டாருன்னும், தர மாட்டேன்னுட்டேன்னும் இவருதான் வந்து சொன்னாரு."

"நாலாயிரம்னே போடுங்க" என்றார் ராய்ஸ், மேசை விளிம்பைப் பார்த்தபடி.

வெர்னா பேனாவை எடுக்கவில்லை. கால்குலேட்டரைத் தட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "நாலாயிரம்னா ரீஃபண்ட் ரெண்டாயிரத்தத் தொடாது. படிப்புக்குப் பத்தாது." பிறகு ராய்ஸிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு எந்த நம்பரும் வேணாம். குறைச்சும் வேணாம், கூட்டியும் வேணாம். அன்னிக்கு அந்தப் படகை ஒருத்தர் எவ்வளவு குடுத்து எடுத்திருப்பாரு? நாளைக்குக் கேள்வி வந்தா காட்டறதுக்கு என்ன இருக்கு?"

சலவை எந்திரம் ஒன்று தண்ணீரை வடித்து முடித்தது. ராய்ஸ் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார். குறுஞ்செய்திகளை அக்டோபர் ஐந்தாம் தேதிவரை விரலால் தள்ளித் தள்ளிப் போய், மேசைமேல் வைத்தார்.

மோட்டார் செத்துப்போச்சு, அடிப்பலகை ஊறிப்போச்சு, டிரெய்லரோட சேர்த்து அறுநூறு, அதுக்கு மேல ஒரு டாலர் முடியாது, என்று ஒருவர் எழுதியிருந்தார்.

வெர்னா அதைப் படித்தார். லினெட்டும் குனிந்து படித்தார். திட்டு விழும் என்று வெர்னா காத்திருந்தார்.

"அறுநூறு" என்றார் லினெட்.

"ஆமா."

"அந்த ஆளு வந்து பாத்துட்டுப் போனப்ப, சாயங்காலம் முழுக்க நீ படகுலயே உக்காந்திருந்தியே. குளுருல."

"உள்ள வந்து உங்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல லின். அந்த வீட்டுல விலை இருக்கற பொருள்னு நான் சொல்லிக்கிட்டது அது ஒண்ணுதான்."

லினெட் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "அறுநூறுன்னு எழுதுங்க" என்றார் வெர்னாவிடம். பிறகு, "எம்புருஷன் இன்னிக்குத்தான் ஒரு விலையச் சரியாச் சொல்லியிருக்காரு" என்றார். குரல் நடுங்கியதா, சிரிப்பை அடக்கினாரா என்று சொல்ல முடியவில்லை. ராய்ஸ் அதைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வெர்னா அந்தக் குறுஞ்செய்தியைப் படமாக எடுத்துக் கோப்பில் சேர்த்தார். தள்ளுபடித் தொகையில் ஏழாயிரத்து முந்நூற்று அறுபதுக்கு வரி இல்லை என்று வந்தது. மிச்சத்துக்குக் கட்ட வேண்டியதுதான், இருநூற்று இருபத்தாறு டாலர். ரீஃபண்ட் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்து நாலு. லினெட் அந்த எண்ணை விரலால் தொட்டு இரண்டு முறை படித்தார்.

"படிப்புப் பணம் போக நூத்தி எழுபத்து நாலு மிஞ்சுது" என்றார். "வெள்ளை ஷூ வாங்கணும்."

"நான் வாங்கித் தரேன்" என்றார் ராய்ஸ்.

"எந்தக் கார்டுல?"

இம்முறை மூவருமே சிரித்தார்கள். கூலி அறுபது டாலர். கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று ராய்ஸ் கேட்டார். "குறைச்சா அப்புறம் நானும் உங்களுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டி வரும்" என்று வெர்னா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். வெளியே பனிச்சேற்றில் இருவரும் வண்டியை நோக்கிப் போனார்கள். கை கோத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாவி லினெட்டிடம் இருந்தது, ராய்ஸ் மறுபக்கம் சுற்றிப் போய் ஏறினார்.

உள்ளே அந்த நேரம் பார்த்து எல்லா எந்திரங்களும் ஓய்ந்திருந்தன. பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அடுத்த முறை பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணுடையது. எதிரே வந்து உட்கார்ந்தவர் தாளை மேசைமேல் வைக்காமல் கைக்குள்ளேயே பிடித்திருந்தார். வாயைத் திறந்தார், திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

வெர்னா எழுந்து தன் சட்டைப்பையிலிருந்து நான்கு காசுகளை எடுத்தார். பக்கத்திலிருந்த காலி டிரையருக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். உள்ளே ஒரு துணியும் இல்லாமல் அது கடகடவென்று பேரிரைச்சலோடு சுற்றத் தொடங்கியது.

தன் நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கமாக இழுத்துப் போட்டு, காதை அருகே கொண்டுபோனார்.