டின்னைக் கழுவியது நான்தான்

போன ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று பேசினேன். நானா? ஆமாம்... கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படும் இதே ஆள்தான்!

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் ஃபிளாட் புளோக்கில் சில மாதங்களாகச் சுகாதார ஆட்கள் கொசு விடுகிறார்கள். பயப்படாதீர்கள். உடம்பில் ஒரு பாக்டீரியா ஏற்றிய கொசு. டெங்கியைப் பரப்புவது குறைவு. இவை பெருகி ஓர் அளவைத் தாண்டினால், பிறகு தானாகவே நிலைத்துவிடுமாம். தாண்டுவதற்குள் நிறுத்தினால் அழிந்துவிடுமாம். எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு.

ஞாயிறு கூட்டத்தில் அதிகாரி கவிதா சொன்னார்: "உங்க டின்ல ஒரு முட்டைகூட இல்லை. கொசுவே இல்லாத புளோக்னு கணக்கு காட்டுது. இங்க விடறதை நிறுத்திட்டு அடுத்த புளோக்குக்குப் போறோம்."

பக்கத்து வீட்டு முனியாண்டி தன் காலில் பட்டென்று அடித்துக்கொண்டார். "அப்ப என்னைக் கடிக்கறது யாரு லா, என் பெண்டாட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. போன வருஷம் என் மகளுக்கு டெங்கி. இன்னொரு தடவை வந்தால் மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த டின்... எங்கள் மாடிக் காரிடாரில் இருந்த கறுப்பு டின். தண்ணீர், நடுவே ஒரு குச்சி. கொசு முட்டையிட்டால் எண்ணுவதற்காம். எனக்கு எங்கே தெரியும்? யாரையும் கேட்கவில்லை. தேங்கிய தண்ணீரைக் கண்டால் கொட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே பழக்கிய கை! சனிக்கிழமைதோறும் கழுவினேன். அரசாங்க டின் ஆயிற்றே, காலியாக விடலாமா? புதுத் தண்ணீரும் ஊற்றி வைத்தேன்.

எழுந்தேன்.

"மிஸ்... அந்த டின்னைக் கழுவினது நான்தான்."

"எத்தனை தடவை அங்கிள்?"

"எல்லா சனிக்கிழமையும்."

"குச்சியையுமா?"

"பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்..."

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முனியாண்டி.

கவிதா சிரிக்கவில்லை. "அப்ப இந்த எண்ணிக்கை செல்லாது. மறுபடி எண்ணி, கணக்கைப் புதுசாப் போடணும். அதுவரைக்கும் இங்க கொசு விடறதை நிறுத்த மாட்டோம்."

கணக்கு பொய் சொல்வதில்லை. நாம் சொல்லாமல் விட்டது அதற்குத் தெரியாது — அவ்வளவுதான்.

புது டின் வந்திருக்கிறது. அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல, எங்கள் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒன்பது வீடு. ஏழாவது வீட்டில் குரல் நடுங்கவில்லை.

ஒன்பதாவது வீட்டில் ஆள் இல்லை. நாளைக்கும் போவேன்.