வராத பஸ்ஸுக்கு டிக்கெட்

விசில்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பஸ் கண்டக்டர். தலை நரைத்ததே பஸ்ஸுக்குள்தான். சில்லறை இல்லாவிட்டால் மீதியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்பாள். வாங்க மறந்து இறங்கியவர்களுக்காக ஒற்றை விசில் ஊதி வண்டியை நிறுத்தி, ஓடிப்போய்க் கையில் திணித்துவிட்டு வருவாள். அப்புறம்தான் கிளம்பச் சொல்லி இரட்டை விசில்.

"ஒத்தைக் காசுக்கு ஒரு பஸ்ஸையே நிறுத்துறியே, தாயே!" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"அவர் காசு அண்ணே. என் காசுன்னா விட்டிருப்பேன்."

சொன்னபடியே தன் காசை விட்டுத்தான் இருந்தாள். அது தெரிந்தது கணவரின் கண்ணால்.

கணவர் தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை. நூல் கோக்க அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் பள்ளிச் சீருடை ஒன்றுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். இனிமேலும் தள்ளிப்போட முடியாது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். பணம் எடுக்க இருவரும் வங்கிக்குப் போனார்கள். கணக்கில் இருக்கவேண்டிய அளவு பணம் இல்லை. தையல் மெஷினுக்குக் கடன் வாங்கியபோது நீட்டிய தாள்களில் ஒன்று இன்சூரன்ஸாம். கடன் அடைந்த பிறகும் மாதாமாதம் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"ஐயா பேர்ல ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ்மா. கையெழுத்து இருக்கே" என்றாள் கவுண்டர் பெண்.

"கடன் தாள்னு நீட்டினீங்க, போட்டோம். சரி, போகட்டும். ஆஸ்பத்திரிக்குத்தானே? இவர் கண்ணுக்குக் கொடுங்க."

பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "முடியாதும்மா. அறுபது வயசு வரைக்கும்தான் செல்லும். ஐயாவுக்கு மூணு வருஷம் முன்னாடியே தாண்டிடுச்சு."

"போன மாசமும் பிடிச்சிருக்கீங்களே?"

"அது சிஸ்டம் தானா பிடிக்கும்."

"தானா பிடிக்கத் தெரிஞ்சதுக்குத் தானா நிக்கத் தெரியாதா?"

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "விடும்மா. வட்டிக்கு வாங்கிக்கலாம்."

"சும்மா இருங்க. கண்ணு உங்களுது, காசு நம்மளுது."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். வயதில் சிறியவர், பேச்சில் தேன். "வருத்தமா இருக்கும்மா. பாதி திருப்பித் தரச் சொல்றேன். இனிமே எதுவும் கேக்க மாட்டோம்னு இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

"பாதி டிக்கெட் குழந்தைங்களுக்குத்தான் சார்."

"மூடுற நேரம்மா. நாளைக்கு வாங்க."

காவலாளி கதவை நோக்கி நடந்தார். அவள் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒற்றை ஊது ஊதினாள். காவலாளி நின்றார். பணம் எண்ணும் மெஷினைத் தவிர எல்லாமே நின்றது. நெரிசலான பஸ்ஸில் பின்படிக்கட்டு வரைக்கும் எட்டும் அந்தக் குரலில் சொன்னாள்:

"எல்லாரும் பாஸ்புக்கைக் கொஞ்சம் புரட்டுங்க! கேக்காத இன்சூரன்ஸுக்குப் பிடிச்சிருக்கான்னு பாருங்க. என் வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சு, பஸ்ஸே கிடையாதுங்கறாங்க. ஆனா மாசாமாசம் டிக்கெட் மட்டும் கிழிக்கிறாங்க!"

வரிசையில் தாள்கள் சரசரத்தன. "அட, எனக்கும் இருக்கே!" என்றார் ஒருவர். குழந்தையோடு நின்ற ஒருத்தி நேரே மேனேஜரிடம் நடந்தாள். அவள் பின்னால் இன்னொருவர். மேனேஜரின் குரலில் தேன் வற்றிவிட்டது.

"அறுபதுக்கு அப்புறம் பிடிச்சது முழுசா வந்துடும்மா. போதுமா?"

"எழுதிக் கொடுங்க. நான் மீதியை வாயால சொன்னதில்லை, எழுதித்தான் கொடுத்திருக்கேன்."

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பணம் வந்தது, கண்ணும் வந்தது. கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் தையல்காரர் முதல் தடவையிலேயே நூலைக் கோத்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு கோபமா உன் முகத்துல? இத்தனை நாள் தெரியாமப் போச்சே."

"நல்லாப் பாத்துக்குங்க. வங்கிக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன்."

"பணம்தான் வந்துடுச்சே?"

"அறுபதுக்கு அப்புறம் பிடிச்சதுதான் வந்திருக்கு. கடன் தீர்ந்ததுலேருந்து அறுபது வரைக்கும் பிடிச்சது? நம்மளைக் கேட்டா ஏத்தினாங்க?"

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"நான் ஒத்தை விசில்தான் ஊதியிருக்கேன். அவங்க வண்டி இன்னும் கிளம்பக் கூடாது."