எனக்கென்று ஓர் ஆணி

எங்கள் வீட்டில் ஆணிகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான் வீடு. சுவரில் ஆறு ஆணிகள். அப்பாவின் சட்டைக்கு ஒன்று, மாமாவின் சட்டைக்கு ஒன்று, முருகன் படத்துக்கு, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு, காலண்டருக்கு, அண்ணனின் பள்ளிக்கூடப் பைக்கு. என் பைக்கு மட்டும் தரை. பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்து என் கணக்கு நோட்டைக் கொத்திவிட்டுப் போன அன்று, எனக்கும் ஓர் ஆணி வேண்டும் என்று அழுதேன்.

"பை இன்னா தரையில கெடந்து அழுவுதா? நீதான் அழுவுற" என்றாள் அம்மா.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பெரிய கிரிக்கெட் மைதானத்தில் வேலை. தற்காலிகம்தான், நான்கு வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் கடல் தாண்டி ஓர் அணி ஆட வந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. ஒரு குறையும் இல்லாமல் ஆட்டம் முடிந்தால் வேலையை நிரந்தரமாக்கிவிடுவதாக மைதானத்துச் செயலாளர் மாமாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அத்திபெலேயில் மாமாவுக்குப் பெண் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலை நிலைக்கட்டும், அப்புறம் தாலி என்று சொல்லியிருந்தார்கள் பெண் வீட்டார். அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். எனக்கும் அத்தை வேண்டும் என்று ஆசைதான். ஆனால் ஆணிதான் அவசரம்.

ஆட்டத்தன்று விடிந்ததும் மாமா கிளம்பினார். நான் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "சரி, ஏறு கண்ணு. ஆனா எதையும் தொடக்கூடாது, ஆமா" என்றார். நான் எதையும் தொடாமல் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

அம்மாடி, எத்தனை பெரிய இடம்! ஜனம் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. பனி ஈரத்தில் மைதானம் முழுக்க எனக்கே எனக்கு. மூங்கில் கட்டிப் பலகை அடித்த படிகளில் உச்சிவரை ஏறி இறங்கினேன். மட்டை பிடிப்பவர் கண்ணுக்குப் பந்து தெளிவாகத் தெரிவதற்கென்று, எங்கள் வீட்டைவிடப் பெரிய வெள்ளைத் திரை ஒன்று சக்கரத்தில் நின்றது. அதைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பெவிலியனில் பிரம்பு நாற்காலிகள் போட்டு, கண்ணாடித் தம்ளர்களை மணி கோத்த வலைத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். இருப்பதில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. ஸ்கோர் பலகைக்குப் பின்னால் தகர எண்கள் வரிசையாகத் தொங்கின. பூஜ்யத்துக்குக்கூடத் தனியாக ஓர் ஆணி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடு மைதானத்துக்கு வந்தேன். அந்நாளில் அங்கே மண் தரையை உருளையால் இறுக்கி, அதன்மேல் நீளமான தேங்காய் நார்ப் பாய் விரித்துத்தான் ஆடுவார்கள். பாயின் ஓரமெல்லாம் இரும்பு வளையங்கள். வளையத்துக்கு ஓர் ஆணி, சாண் நீளம், கொல்லனிடம் சொல்லிச் செய்தது, தலை ரூபாய்க் காசு அகலம். மாமா பாயை இழுத்து, எல்லா ஆணிகளையும் முதலில் கையால் குத்தி நிறுத்திக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து சுத்தியலால் இறக்கிக்கொண்டே வந்தார். பாதி இறக்கியபோது பெவிலியனிலிருந்து செயலாளர் கத்தினார். "ஏனப்பா, அந்த வெள்ளைத் திரை கோணலா நிக்குது, ஜல்தி பா!"

மாமா ஓடினார். இத்தனை ஆணியில் ஒன்று போனால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஒன்றை ஆட்டினேன், வந்துவிட்டது. பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டேன். மாமா வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்து மிச்ச ஆணிகளை அவசரமாக இறக்கினார். ஒரு வளையம் வெறுமனே கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. உருளைக்குப் பக்கத்தில் மாமா காலடியில் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்களில் ஒரு நெட்டையன், நம்மவர்கள் போட்ட பந்தையெல்லாம் வேலிக்கு விரட்டினான். எல்லாரும் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு பந்து பாயில் விழுந்து, எழும்பாமல் தரையோடு தரையாக ஓடி அவன் ஸ்டம்பைச் சாய்த்தது. கூட்டம் மூங்கில் முறிகிற மாதிரிக் குதித்தது. நானும் குதித்தேன். மாமா குதிக்கவில்லை.

நெட்டையன் மட்டையால் பாயைச் சுட்டிக் காட்டினான். நடுவர்கள் குனிந்து பார்த்தார்கள். அங்கே பாய் தளர்ந்து ஒரு மடிப்பு எழுந்திருந்தது. மாமாவைக் கூப்பிட்டார்கள். அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, சுத்தியலும் ஆணியுமாக மாமா தனியாக நடந்து போய்க் குனிந்து அடித்துவிட்டு வந்தார். வேலியோரம் செயலாளர் காத்திருந்தார்.

"ஏனப்பா இது?"

"என் தப்பு சார். ஒண்ணு மறந்துட்டேன் போல."

மாமாவின் முகம் செத்துப் போயிருந்தது. பாவம், நெட்டையன் ஆடுவதை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். வழி தெரியும், ஓட்டமாக ஓடினேன்.

அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அம்மிக் குழவியால் அடித்து ஆணியைச் சுவரில் இறக்கினேன். காரை பெயர்ந்தது, ஆணி கோணிக்கொண்டு நின்றது. ஆனாலும் நின்றது. பையை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

விளக்கு வைத்தபின் மாமா வந்தார். "பர்மனென்ட்டு அடுத்த வருசம் பார்க்கலாம்னுட்டாரு, அக்கா. அத்திபெலேக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடு" என்றார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணை மூடிக்கினு பாய் விரிக்கிறவன் நீ. ஒனக்கா மறந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல" என்றபடி மாமா சட்டையைக் கழற்றி மாட்டத் திரும்பினார். அவருடைய ஆணிக்குப் பக்கத்தில்தான் என் ஆணி.

சட்டையை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆணியின் அகலத் தலையை விரலால் தடவினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன். மறுநாள் காலையில் அந்த ஆணியைக் கொண்டுபோய்ச் செயலாளர் முன்னால் அவர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

சைக்கிளிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார். ஆணியை நிமிர்த்தி, இரண்டே அடியில் சுவரோடு இறுக்கினார். பையை அவரே மாட்டினார்.

"இனிமே யாரும் இதைப் புடுங்க முடியாது, கண்ணு. பயப்படாம தூங்கு."

ஆணியைப் போய் யாராவது பிடுங்குவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.