மொரப்பூர்ப் பச்சைப் புள்ளி

இன்று காலை ஆபீசில் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். சுவர் அகல டிவியில் மாவட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள், பச்சையைப் பார்த்துப் பயப்படுகிறவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நல்லம்பள்ளியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் சேர்ந்த புதிதில் என் பயம் வேறு. கறுப்புத் திரை. அதில் பிங் என்று தட்டி ஓர் எண்ணைக் கொடுத்தால், தூரத்து ஊருக்கு நெட் கொடுக்கும் எங்கள் பெட்டியைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். அவ்வளவுதான். ஆனால் ஓர் எழுத்து தப்பினால் ஊரே அணைந்துவிடும் என்று எனக்கொரு நம்பிக்கை. கீபோர்டில் விரல் வைத்தாலே வேர்க்கும். அதனால் அதே வேலையைப் பட்டனும் படமுமாகச் செய்கிற ஓர் இலவச சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டேன். ஊருக்கு ஒரு புள்ளி. பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அப்பாடா என்றிருந்தது.

மொரப்பூர்ப் புள்ளி மட்டும் கரண்ட் போகும்போதெல்லாம் சிவந்துவிடும். உடனே முதலாளி, "என்னய்யா, மறுபடியும் செவப்பு? நீ என்னத்தப் புடுங்கினு இருக்கற?" என்பார். அவரிடமும் பயம்தான். ஒருநாள் திட்டுத் தாங்காமல், மொரப்பூர்ப் பெட்டியின் எண்ணை எடுத்துவிட்டு எங்கள் ஆபீஸ் பெட்டியின் எண்ணையே அங்கே போட்டுவிட்டேன். பக்கத்திலேயே இருக்கிற பெட்டி எப்போதும் பதில் சொல்லும்; அதன்பிறகு அந்தப் புள்ளி சிவக்கவே இல்லை. இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்றிருந்தவன் மறந்தே போனேன். என் லட்சணம் அது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் மொரப்பூர் பிரவுசிங் சென்டர்க்காரர் இரண்டு முறை போன் செய்தார். "இங்க பச்சையாத்தாங்க காட்டுது, உங்க கம்ப்யூட்டரப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வேட்டியெல்லாம் புழுதியாக ஒருவர் வந்து நின்றார். மொரப்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். "சார், எம் பொண்ணு காலைலருந்து அந்தக் கடையிலயே குந்தினு இருக்குதுங்க. எந்தக் காலேஜு வேணும்னு இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள பதியணுமாம். நெட்டே இல்லீங்களாம். ஒருவாட்டி பாருங்க."

"பச்சையா..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐயோ! கறுப்புத் திரையைத் திறந்து, பழைய நோட்டில் இருந்த எண்ணைப் பார்த்துத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை. மொரப்பூர் லைன் காலையிலிருந்தே செத்துக் கிடந்திருக்கிறது. அங்கே எந்த வீட்டு மாடியில் பெட்டி இருக்கிறதோ அந்த வீட்டுக்காரரைப் போனில் பிடித்து, அதை அணைத்து மறுபடி போடச் சொன்னேன். அவர் வயலிலிருந்து வந்து மாடி ஏறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாலே முக்காலுக்குப் பதில் வந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அவருடைய செல் அடித்தது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பதிஞ்சிட்டாளாங்க. நீங்க இல்லன்னா எம் புள்ள படிப்பே போயிருக்குமுங்க." எண்ணை மாற்றி வைத்தவனே நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த ஆபீசும் இல்லை. இப்போது நான் இருக்கிற பெரிய கம்பெனியில், நெட் போனால் வாடிக்கையாளர் செல்போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். உங்கள் இணைப்பு சரியாக உள்ளது என்று அதுவே பதில் சொல்லிவிடும். டிவியில் தெரிகிற இத்தனை பச்சையில் எது எவன் பயந்துபோய் மாற்றி வைத்ததோ, எனக்கு எப்படித் தெரியும்? சந்தேகப்பட்டு யாராவது நேரில் கிளம்பி வரலாம் என்றால், எங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாது.